ரேஞ்ச்: தமிழில் எட்டுதூரம்

போனுக்கென்றால் "டவர் இல்ல" என்று முடித்துவிடுவோம். நிகழ்விடத்திலிருந்து ரேடியோ லிங்க் வழியாக நேரலை அனுப்பும் செய்திக் குழு கேட்பது, "ரேஞ்ச் எவ்வளவு வரும்?" படம் உடையாமல் போய்ச் சேரும் அதிகபட்சத் தொலைவே இங்கே ரேஞ்ச்.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு, முதற்பொருள் வரிசை. பள்ளியில் வாங்கிய ரேங்க் அதன் உடன்பிறப்பு. மலைத்தொடரை ஆங்கிலத்தில் ரேஞ்ச் என்பதும் அந்த வரிசைப் பொருளில்தான். குண்டு பாயும் தொலைவு, அலை செல்லும் தொலைவு என்பவையெல்லாம் பிற்பாடு வந்தவை.

தமிழில் பலர் 'வீச்சு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயற்பியல் பாடத்தில் வீச்சு என்றால் அலையின் ஏற்ற இறக்க அளவு. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். தவிர, வீசுவது என்றால் பலத்தால் ஆகிற காரியம். இந்த லிங்க்குகளில் பலம் அவ்வளவு உதவாது. டிரான்ஸ்மிட்டர் திறனை இரு மடங்காக்கினாலும், திறந்த வெளியில் தொலைவு 1.4 மடங்குதான் கூடும். அமிர்தியில் நின்றுகொண்டு, குறுக்கே மலை மறைக்க, வேலூருக்கு அனுப்பப் பார்த்தால் அதுவும் கிடைக்காது.

'எட்டு' என்ற வினைதான் பொருந்துகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் என்று நாம் சொல்வது, 2 கிகாஹெர்ட்ஸ் லிங்க்குக்கு ஏறக்குறைய அப்படியே உண்மை. கண்மட்ட உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். ரேடியோ அலை காற்றில் சற்று வளைவதால் அதற்கு 4.12. வண்டியின் கம்பம் 10 மீட்டர் என்றால் 13 கிலோமீட்டர். வாங்கும் ஆன்டெனாவை நகரை ஒட்டிய குன்றில் 100 மீட்டர் உயரத்தில் வைத்தால் அதன் பங்கு 41. இரண்டும் சேர்ந்து 54, நடுவே மறைப்பு இல்லாதவரை.

மறைப்பு இல்லை என்பதற்குக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 20 கிலோமீட்டர் லிங்க்கின் நடுவில், பார்வைக்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 27 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிச் செல்கிறது. ஃபிரெனெல் மண்டலம் என்பது இதுதான். அதில் 60 சதவீதமாவது, அதாவது 16 மீட்டர், திறந்திருக்க வேண்டும். பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பின் உச்சிக்கு நாலைந்து மீட்டர் மேலே கோடு போகிறது என்று நிம்மதி அடைய முடியாது.

டிஜிட்டலில் இன்னொன்று. அனலாக் காலத்தில் எட்டுதூரத்தின் விளிம்பில் படத்தில் புள்ளி புள்ளியாகப் பனி பெய்யும், எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டல் படம் கடைசிவரை பளிச்சென்று இருந்து, சட்டென உறையும். அதனால் ஓரத்தில் நிற்கிறவர்கள் முதலில் தொட வேண்டியது மாடுலேஷன் அமைப்பை, அதாவது அலையில் தரவை ஏற்றும் முறையை. 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் தரவை நெருக்கி ஏற்றும் 64 க்வாம், 2/3 (மூன்றில் இரண்டு பங்கு தரவு, மீதி பிழைதிருத்தத்துக்கு) என்பது நொடிக்கு 24 மெகாபிட் தரும். தளர்வாக ஏற்றும் க்யூபிஎஸ்கே, 1/2 தருவது 6 மட்டுமே. ஆனால் இதற்குத் தேவைப்படும் சிக்னல் 13 டெசிபல் குறைவு, அதாவது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போதும். திறந்த வெளிக் கணக்கில் எட்டுதூரம் நான்கு மடங்குக்கும் மேல்.