அகவிலைப்படி: இந்த ‘அகம்’ வீடு அல்ல

டெல்லியில் ஜனவரி மாதம் மதிய வெயில் எட்டிப்பார்த்தால் போதும், ஆர்.கே.புரத்து அரசு அலுவலகங்களின் புல்வெளியில் உட்கார இடம் கிடைக்காது. டிபன் டப்பா ஒரு பக்கம், வேர்க்கடலைப் பொட்டலம் ஒரு பக்கம், முதுகை வெயிலுக்குக் காட்டியபடி அரை மணி நேரப் பேச்சு. 2024 ஜனவரியில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தம்பி கேட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். தேர்வு எழுதி வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முனீர்க்காவில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறான். போனில் ஒரு தமிழ்ச் செய்தியைக் காட்டி, “சார், அகம்னா வீடுதானே? அப்ப அகவிலைப்படின்னா வீட்டு வாடகைப்படியா? ஆனா இதுல டி.ஏ.ன்னு போட்டிருக்காங்களே” என்றான்.

நியாயமான சந்தேகம். டி.ஏ. என்பது டியர்னெஸ் அலவன்ஸ், விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகை; அதன் தமிழ்ப் பெயர்தான் அகவிலைப்படி. அகம் என்றால் வீடு, உள்ளம் என்று படித்து வந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வருடம் இரண்டு முறை தலைப்புச் செய்தியில் வரும் சொல், கிட்டத்தட்ட அரை கோடி மத்திய அரசு ஊழியர்களின் சம்பளச் சீட்டில் இரண்டாவது வரியாக நிற்கும் சொல், அதன் முதல் பாதி என்ன என்று பலருக்கும் தெரியாது. எனக்கும் வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த அகம் வேறு. பழைய தமிழில் தானியத்துக்கு அஃகம் என்று ஒரு பெயர் உண்டு. நாம் எல்லோரும் சிறு வயதில் வாயால் சொன்ன சொல்தான். “அஃகமும் காசும் சிக்கெனத் தேடு” என்று கொன்றைவேந்தனில் வரும். தானியத்தையும் பணத்தையும் கெட்டியாகத் தேடி வைத்துக்கொள் என்று பொருள். ஆத்திசூடியில் இன்னும் சுருக்கமாக, “அஃகஞ் சுருக்கேல்.” தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே. ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டு என்று மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளைக் கடந்து போய்விட்டோம். அகவிலை என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் தானிய விலை. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து ‘படி’. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. நெல்லையும் அரிசியையும் அளந்த பாத்திரம்தான் அளவுக்கும் பெயர். வேலைக்குக் கூலியாகத் தானியம் அளந்து கொடுத்த காலத்தில், அன்றாடச் சாப்பாட்டுக்கு அளந்து போட்டதும் படிதான். ‘நமக்குப் படியளக்கிறவன்’ என்று கடவுளையும் முதலாளியையும் சொல்வது அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். தானியம் காசாக மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பயணப்படி, நாட்படி, வாடகைப்படி எல்லாம் அதன் பிள்ளைகள். கூலி என்ற சொல்லையே கூலம், அதாவது தானியம், என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் காட்டுவார்கள். ஆக, அகவிலைப்படி என்ற சொல்லில் முன்னாலும் தானியம், பின்னாலும் தானியம்.

அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கான்பூர்க்காரர். அவர் வாயில் இது ‘மெஹங்காயி பத்தா’. மெஹங்கா என்றால் விலை கூடியது. சமஸ்கிருத மஹார்க்கம் தேய்ந்து அப்படி ஆனது. பத்தாவைச் சோறு என்ற பொருளுள்ள சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நம் ஊரில் லாரி டிரைவர் வாங்கும் பேட்டாவும் அதே சொல்தான். ஹிந்திக்காரர் விலையை முதலில் வைத்துச் சோற்றைப் பின்னால் வைத்தார். நாம் தானியத்தை முதலில் வைத்தோம். நம் சொல் ஒரு படி மேல் என்பது என் கட்சி. எதன் விலை என்று அது சொல்லிவிடுகிறது.

அப்படிச் சொல்வது வரலாற்றுக்கும் பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி, கோதுமை விலை எகிறியபோது, கீழ்மட்ட ஊழியர்களின் வயிற்றுப்பாட்டுக்காக ஆங்கில அரசு கொடுக்க ஆரம்பித்ததுதான் இது. அதன் அன்றைய ஆங்கிலப் பெயரே உணவு விலையேற்றப் படி என்று பொருள்படும். உணவு என்ற சொல் பிறகு ஆங்கிலத்தில் உதிர்ந்துவிட்டது. தமிழில் அஃகமாக இன்னும் இருக்கிறது. சுதந்திர ஆண்டில் அறிக்கை தந்த முதல் ஊதியக் குழுவுக்குத் தலைவர் நம்மவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார். அந்தக் குழு வைத்த குறைந்தபட்சம் மாதம் 55 ரூபாய். அதில் அடிப்படை 30, அகவிலைப்படி 25. கிட்டத்தட்டப் பாதி.

இந்தப் படி தானாக வந்து சேரவில்லை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு முழுக்க ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை ஏற ஏறப் படியும் ஏற வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. பலர் சிறை போனார்கள், வேலை இழந்தார்கள். அதற்குப் பிறகு, 1966-ல் பிறந்தது ஜே.சி.எம். என்று இங்கே எல்லோரும் சொல்லும் கூட்டு ஆலோசனை அமைப்பு. நிர்வாகமும் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் பிரிட்டனின் விட்லி கவுன்சில்களைப் பார்த்து அமைத்தது. தேசியக் குழு, துறைக் குழு, அலுவலகக் குழு என்று மூன்று அடுக்கு. தேசியக் குழுவுக்குத் தலைமை அமைச்சரவைச் செயலாளர். மேசையின் ஒரு பக்கம் அரசுத் தரப்பு, எதிர்ப்பக்கம் ‘ஸ்டாஃப் சைடு’, அதாவது ஊழியர் தரப்பு. சம்பளமும் படியும், வார வேலை நேரம், விடுப்பு, இந்த மூன்றில் உடன்பாடு வராவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அந்தத் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு.

சரி, இன்றைக்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தொழிலாளர் வாழ்க்கைச் செலவைத் தொழிலாளர் பணியகம் மாதா மாதம் 88 ஊர்களில் விலை கேட்டுக் குறியீடாக வெளியிடுகிறது. பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்து, ஏழாவது ஊதியக் குழு அமலுக்கு வந்த 2016 ஜனவரியின் அடிப்படை எண்ணான 261.42-ஐவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். முழு எண்ணை எடுத்துக்கொண்டு பின்னத்தை விட்டுவிடுவார்கள். சராசரி 392.13-ஐத் தொட்டால், அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் அகவிலைப்படி. இப்போதைய குறியீட்டில் உணவுக்கு உள்ள பங்கு 39 சதவீதம்தான். மிச்சம் வாடகை, துணி, எரிபொருள், பஸ் கட்டணம், மருந்து. சொல் தானியத்தில் நிற்க, பொருள் வாழ்க்கை முழுவதையும் அணைத்துக்கொண்டுவிட்டது.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஊழியர்களுக்கு ஜாக்பாட்’, ‘தீபாவளிப் பரிசு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட விலையை, பல மாதம் கழித்து, அளந்து ஈடுகட்டுவதை எப்படிப் பரிசு என்பது? கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கியதை இப்போது நூற்று நான்கு கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்த நான்கு ரூபாய் வருகிறது, அவ்வளவுதான். சம்பளம் உயரவில்லை, இருந்த இடத்தில் நிற்கிறது.

அந்த ஈடும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2020-ல் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டி, அந்த ஏப்ரலில் மூன்று தவணைகளை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. 18 மாதம் 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையில் 28 ஆக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களின் நிலுவை வரவில்லை. நிறுத்தியதால் மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஊழியர் தரப்பு அந்த நிலுவையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. தர வாய்ப்பில்லை என்பதே அரசின் பதில். கொரோனா செலவு பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அஃகஞ் சுருக்கேல் என்ற இரண்டு சொல் அந்த 18 மாதமும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம், தமிழில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. தொழிற்சங்க மேடைகளில் பஞ்சப்படி என்ற சொல்லை இன்றும் கேட்கலாம். பட்டினியின் சூடு இருக்கும் சொல், கோஷம் போட நன்றாக இருக்கும். ஆனால் பஞ்சம் வந்தால்தான் தருவார்கள் என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடும். பழைய காகிதங்களில் வரும் கிராக்கிப்படி வழக்கொழிந்துவிட்டது. இலங்கையில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்பார்கள். அர்த்தம் தெளிவு, ஆனால் நீளம். என் ஓட்டு அகவிலைப்படிக்குத்தான். எழுதும்போது ‘ப்’ விட்டுப்போகக் கூடாது. ‘அகவிலைபடி’ என்று பலகைகளில்கூடப் பார்க்கிறேன், அது பிழை. ‘அகவிலைப்படி உயர்வு’ என்பதைவிட ‘அகவிலைப்படி திருத்தம்’ என்று எழுதினால் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கடலை தீரும்வரை சொன்னேன், மிச்சத்தை அடுத்த நாள் சொன்னேன். ஒன்றை மட்டும் அவன் விடாமல் பிடித்துக்கொண்டான். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் டெல்லி மாதிரிப் பெருநகரங்களில் வீட்டு வாடகைப்படியும் 27-லிருந்து 30 சதவீதமாகும் என்பது விதி. மார்ச் 7 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 46 சதவீதம் 50 ஆனது. அவனுடைய அடிப்படைச் சம்பளம் 25,500. அன்று சாயங்காலமே செய்தி அனுப்பியிருந்தான்: “சார், அஃகத்துக்கு 1,020. அகத்துக்கு 765.”