பரண் மேல் கிடந்த வீடியோ கேமை இறக்கியதும் பிளக்கில் செருகாதீர்கள்

பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சரிசெய்யும் தொழிலில் நான் பார்த்தவரை, வயதாகிச் செத்தவை குறைவு. பரணிலிருந்து இறக்கிய அன்று சாயங்காலமே ஆர்வக்கோளாறில் கொல்லப்பட்டவைதான் அதிகம்.

முதல் எமன் அடாப்டர். 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி இறக்கிய ஃபேமிகாம் பெட்டிக்கு 10 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வேண்டும்; பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அதே நிண்டெண்டோ 1985-இல் அமெரிக்காவில் இறக்கிய என்இஎஸ் பெட்டியின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) தருகிறது. என்இஎஸ்ஸுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் இருப்பதால் அதற்குக் கவலையில்லை. ஃபேமிகாமில் அது கிடையாது. ஆனால் அந்த பிளக் இதிலும் அழகாகப் பொருந்திவிடும், வினையே அங்குதான். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். ஆகவே அதுவும் ஆபத்து. மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து, சிவப்பு முனையை பிளக்கின் துளையிலும் கறுப்பை வெளிப்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தால் நடுமுனை நெகட்டிவ்.

அப்புறம், ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்தது. நம்மூர் 230-இல் நேராகச் செருகினால் புகைதான்.

அடுத்தது ஊதுவது. கேசட் ஓடவில்லையா, வாயை வைத்து ஊது என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள்! என்இஎஸ்ஸில் கேசட்டை முன்பக்கமாக உள்ளே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். அப்படி அழுத்தி அழுத்தியே உள்ளிருக்கும் 72 பின்கள் தளர்ந்துவிடும். கேசட்டிலும் பெட்டியிலும் ஆளுக்கொரு பூட்டுச் சில்லு (அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் சிப்) உண்டு. பெட்டியை ஆன் செய்ததும் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கான ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும் பேச்சு அறுந்து, பெட்டி நொடிக்கொரு தரம் ரீசெட் ஆகும்; சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று அடிக்கும். ஊதியதும் சரியாவதுபோலத் தெரிவது, கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதால்தான். எச்சில் ஈரம் மட்டும் உலோகத்தில் தங்கி, மெல்ல அரிக்கும். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ஓடியவை பெரும்பாலும் 60 பின் ஃபேமிகாம் நகல்கள். அவற்றில் பூட்டுச் சில்லே இல்லை, இருந்தும் நாம் ஊதினோம்.

செருகிச் செருகித் தேயுமே என்ற கவலை ஆரம்பத்திலிருந்தே உண்டு. கேசட்டை மாற்றி மாற்றி ஆடும் முதல் வீட்டுப் பெட்டி, 1976-இல் வந்த ஃபேர்சைல்டின் சேனல் எஃப். ஜெரி லாசன் தலைமையில் அதைச் செய்தவர்களுக்கு, தினமும் கழற்றிச் செருகினால் தொடுமுனை தாங்குமா என்பதே பெரிய கேள்வி. அவர்கள் அவ்வளவு யோசித்துச் செய்ததை நாம் உப்புத்தாளால் தேய்க்கிறோம். வேண்டாம், அழிரப்பரும் வேண்டாம். தொடுமுனையின் தங்கப் பூச்சு அவ்வளவு மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் இரண்டு பக்கமும் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போதும். ஆல்கஹால் கூடாது என்று நிண்டெண்டோ கேசட்டின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். லேபிளிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் தொடுமுனையை மட்டும் துடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியாக பேட்டரி. ஆட்டத்தைச் சேமிக்கும் சில கேசட்டுகளுக்குள் காசு வடிவ லித்தியம் பேட்டரி ஒன்றைச் சால்டர் செய்திருப்பார்கள். அதைக் கழற்றினால் சேமித்ததெல்லாம் போய்விடும். சம்மதம் என்றால் மட்டும் கை வையுங்கள். வெறும் பேட்டரியின் மேல் சால்டரிங் அயர்ன் வைத்தால் வெடிக்கலாம். சால்டர் வைப்பதற்கென்றே தகடு ஒட்டி வரும் பேட்டரியை வாங்குங்கள்.

கழற்றிய பழையதன் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். செத்த பேட்டரிதானே என்று மேசையில் போடாதீர்கள், அதிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.