80.77க்கு அடுத்த எண் எது?

நுவரெலியாவின் நெட்டாங்கு ஏறத்தாழ கிழக்கு 80.77 பாகை. இதை ஒரு நிரலின் ஒற்றைத் துல்லிய மாறியில், அதாவது பின்ன எண்ணை 32 பிட்டில் வைக்கும் இடத்தில் சேமித்தால், நினைவகத்தில் உண்மையில் பதிவது 80.7699966. அந்த மாறி ஏற்கும் அடுத்த எண் 80.7700043. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. நிலத்தில் இது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 84 சென்ரிமீற்றர். நம் மலைகளில் தேயிலைக் கன்றுகளை 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடுவது வழக்கம். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு நிரையில், பக்கத்துப் பக்கத்துச் செடிகள் இரண்டுக்கும் ஒரே நெட்டாங்கு பதிவாகிவிடலாம்.

அதே ஊரின் அகலாங்கு 6.97. அங்கே இடைவெளி வெறும் 5 சென்ரிமீற்றர்தான்!

காரணம் எண்ணின் அமைப்பில் இருக்கிறது. 32 பிட்டில் 1 குறிக்கு (நேரா, மறையா), 8 அடுக்குக்கு (2இன் எந்த அடுக்கில் தொடங்கும் பரப்பு), 23 பின்னத்துக்கு (அந்தப் பரப்புக்குள் எந்த இடம்). அடுக்கு மாறாத வரை பின்னப் பகுதிக்கு 83,88,608 மதிப்புகள் மட்டுமே உண்டு. 4 முதல் 8 வரையுள்ள பரப்புக்கும் அத்தனை எண்கள். 64 முதல் 128 வரையுள்ள பரப்புக்கும் அத்தனையேதான். 2இன் அடுக்கு ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் இடைவெளி இரட்டிக்கிறது. மலையகம் முழுவதும் 8 பாகைக்குத் தெற்கே இருக்கிறது; யாழ்ப்பாணம் அதற்கு வடக்கே. அங்கே அகலாங்கின் இடைவெளி இங்குள்ளதைப்போல் இரு மடங்கு.

அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி வியக்கத்தக்க அளவு எளிது. அந்த 32 பிட்டுகளையும் ஒரு முழு எண்ணாக வாசித்து, 1ஐக் கூட்டினால் போதும். பின்னப் பகுதி முழுவதும் 1களாக நிரம்பியிருந்தால், கூட்டலின் மீதி தானாகவே அடுக்குப் பகுதிக்கு ஏறி, அடுத்த பரப்பின் முதல் எண்ணைத் தந்துவிடும். அடுக்கைப் பின்னத்துக்கு இடப்புறம் வைத்ததால் கிடைத்த பலன் இது. கணினியில் இத்தகைய எண்களை எப்படி வைப்பது என்று வகுத்த, 1985இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தின் மிக அழகான பகுதி இதுவே என்பேன். அதன் உருவாக்கத்தில் முதன்மையானவர் வில்லியம் கஹான். கணினியியலின் உயரிய விருதான டியூரிங் விருதை 1989இல் பெற்றவர்.

சில இடங்களில் கவனம் வேண்டும். மறை எண்ணில் 1ஐக் கூட்டினால் பூச்சியத்திலிருந்து இன்னும் விலகிப்போவோம். மேலே செல்ல 1ஐக் கழிக்க வேண்டும். பூச்சியமே இரண்டு உண்டு, நேர்ப் பூச்சியமும் மறைப் பூச்சியமும். மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்தது முடிவிலி. இவற்றையெல்லாம் நாமே எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வேலைக்கான நிரலிலோ மொழி தரும் சார்பையே அழைப்பது நல்லது. சி மொழியின் 1999 தரத்திலும் பைத்தான் 3.9இலும் நெக்ஸ்ட்ஆஃப்டர் இருக்கிறது. தொடங்கும் எண்ணையும் எந்த எண்ணை நோக்கி நகர வேண்டும் என்பதையும் கொடுத்தால் போதும்.

பக்கத்து எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? கொழுந்து மடுவத்தில் எடையைப் பதியும் ஒரு நிரலை எண்ணிப் பாருங்கள். 0.1 கிலோவைப் பத்து முறை இரட்டைத் துல்லியத்தில் (64 பிட்டில்) கூட்டினால் 0.9999999999999999 வரும். இது 1க்குச் சரியாக ஒரு படி கீழே உள்ள எண். ‘ஒரு கிலோ நிறைந்ததா?’ என்று நிரல் கேட்டால், இல்லை என்றே பதில் வரும். ஒரு தொழிலாளியின் கூலி இந்தப் பதிலில் தங்கியிருக்கக் கூடாது. எடையைக் கிராமில், முழு எண்ணாக வைத்திருப்பதே நியாயம்.

பின்னம் தவிர்க்க முடியாத இடங்களில், வித்தியாசம் 0.000001க்குள் இருந்தால் சமம் என்று எழுதிவிடுவது பலரின் பழக்கம். நுவரெலியாவின் ஒற்றைத் துல்லிய ஆயங்களில் அதைப் போட்டுப் பார்த்தால் அதன் குறை தெரியும். அகலாங்கில் அது இரண்டு படிகளை அனுமதிக்கும். நெட்டாங்கில் ஒரு படியைக்கூட அனுமதிக்காது, ஏனென்றால் அங்கே ஒரு படியே 0.0000076. எத்தனை படி விலகல் என்று கேட்பது இதைவிடத் தெளிவானது. ஒரே குறியுள்ள இரு எண்களின் பிட்டுகளை முழு எண்களாக வாசித்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், அந்த எண்ணிக்கை நேரடியாகவே கிடைத்துவிடும்.