எட்டு பிட்டுகள் தலைகீழானால் அது சோதனை

"விமானத்தில் இருக்கும் அவசர பீக்கனைச் சோதிக்கும்போது, நிஜமாகவே விபத்து நடந்துவிட்டது என்று மீட்புக் குழு கிளம்பிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் பின்பகுதியில் பொருத்தியிருக்கும் இஎல்டி என்ற அவசர பீக்கன் பெட்டி, மோதலின் அதிர்ச்சியில் தானாகவே இயங்கத் தொடங்கும். ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை, 406 மெகாஹெர்ட்ஸில், அரை நொடி நீளமுள்ள செய்தியை அனுப்பும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரைநிலையத்துக்குத் தரும். பனிப்போர்க் காலத்தில், 1979-இல், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கனடா, பிரான்சுடன் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு மையமான இஸ்ட்ராக்கில் இருக்கிறது.

இனி அந்த அரை நொடிக்குள் போவோம். முதல் 160 மில்லிநொடி வெறும் அலைதான். செய்தியைப் பெறும் ஏற்பி அதிர்வெண்ணைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம். அடுத்து வரிசையாக 15 ஒன்றுகள். பிட்டுகளின், அதாவது செய்தியாக வரும் 0, 1 இலக்கங்களின், வேகத்தோடு ஒத்துப்போக. அப்புறம் ஒன்பது பிட்டுகள்: 000101111. இந்த வரிசை வந்தால் உண்மையான அபாய அழைப்பு. சோதனைப் பொத்தானை அழுத்தினாலோ, முதல் சுழியம் அப்படியே நிற்க, மற்ற எட்டும் தலைகீழாகின்றன: 011010000. தரைநிலையம் இதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடும்.

இதில் என்னைக் கவர்ந்தது, சோதனைக்கென்று போலியாக எதுவும் இல்லை என்பதே. அதே மின்கலம், அதே அலைபரப்பி, அதே அதிர்வெண், விமானத்தின் அதே அடையாள எண். பக்கத்தில் ஒரு சோதனைக் கருவியை வைத்துப் படித்தால், எண் சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். எட்டே பிட்டுகளில் இவ்வளவையும் சாதித்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஆனால் பொத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மோதலை உணரும் ஜி-சுவிட்சைத் தனியாகப் பார்க்க வேண்டும்: பெட்டியைக் கழற்றிக் கையில் பிடித்து, வேகமாக முன்னே வீசுவதுபோல் கொண்டுபோய்ச் சட்டென்று பின்னுக்கு இழுப்பார்கள். ஆன்டெனாவையும் அதற்குப் போகும் கேபிளையும் பார்க்க வேண்டும். விபத்தில் கேபிள் அறுந்தால் பெட்டி கத்தினாலும் வெளியே கேட்காது. 2015-இல் நாசா இதை ஆராய, லாங்லி மையத்தில் மூன்று செஸ்னா 172 விமானங்களை வேண்டுமென்றே உயரத்திலிருந்து விழவைத்து மோதவிட்டது. வீண்செலவு என்று சிலருக்குத் தோன்றலாம். உயிர் காக்கும் கருவி எங்கே தோற்கிறது என்று கண்டறியச் செலவழிக்கும் பணத்தைவிட நியாயமான ஆராய்ச்சிச் செலவு எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க விதிப்படி இந்தச் சோதனைகளை 12 மாதத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். மொத்தப் பயன்பாடு ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஆயுளில் பாதி கழிந்தாலோ மின்கலத்தை மாற்ற வேண்டும். பாதி மிச்சமிருக்கிறதே என்று இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

வாசகரின் அச்சத்துக்கு இடமுள்ளது 121.5 மெகாஹெர்ட்ஸில்தான். தேடுபவர்கள் அருகே வந்ததும் வழிகாட்ட, இதே பெட்டி ஒலிபரப்பும் பழைய அலைவரிசை அது. எட்டு பிட் ஏற்பாடெல்லாம் அதில் கிடையாது. செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை 2009-இல் நிறுத்திவிட்டாலும் விமானிகள் இன்னும் கேட்கிறார்கள். ஆகவே அமெரிக்காவில் அதை ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடத்துக்குள், அதன் ஓசை மூன்று முறைக்கு மேல் ஒலிக்காமல் சோதிக்கிறார்கள். தவறுதலாக 406 மெகாஹெர்ட்ஸில் உண்மையான அபாய அழைப்பே கிளம்பிவிட்டால், பெட்டியை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே மீட்பு மையத்துக்கோ விமானக் கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்ல வேண்டும். சொன்னால்தான் தேடலை நிறுத்துவார்கள்.