மாசியில் ஓடையை அளந்தீர்களா?

மஸ்கெலியா பக்கம் ஒரு மரக்கறித் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே செங்குத்தாக நடக்க வேண்டும், கரண்ட் கம்பி அங்கே ஏறவில்லை. காவல் குடிசைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வெளிச்சம் வேண்டுமென்று தோட்டக்கார ஐயா கூப்பிட்டபோது ஆடி மாதம். ஓடை நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அந்த நீரைப் பார்த்து, ஓடை நீரில் சக்கரம் சுற்றிக் கரண்ட் எடுக்கும் 1 கிலோவாட் இயந்திரத்துக்கு நானும் சரி சொல்லிவிட்டேன்.

மாசியில் போன் வந்தது. "தம்பி, லைட் மினுக்கு மினுக்குன்னு எரியுது." போய்ப் பார்த்தேன். ஓடை நீரைச் சேர்த்துக் குழாயில் விடும் மேல்தொட்டியில் குழாயின் வாய் பாதி வெளியே தெரிந்தது. காற்றும் நீருமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் விழும் நீருக்கு வேகமே இல்லை. அன்றிலிருந்து வறட்சியில் ஓடையை அளக்காமல் யாருக்கும் இயந்திரம் சொல்வதில்லை.

அளப்பது பெரிய வேலையில்லை. வாழைமட்டையும் களிமண்ணும் வைத்து ஓடையை மறித்து, ஒரு குழாய்த் துண்டு வழியே நீரை 20 லீட்டர் வாளியில் விடுங்கள். போனில் நேரம் பாருங்கள். 10 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 2 லீட்டர். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மாசி, பங்குனியில் அளக்க வேண்டும். பசறை, ஹப்புத்தளை போன்ற ஊவாச் சரிவுகளில் கணக்கு தலைகீழ்: தென்மேற்குக் காற்று மழையை மேற்கே கொட்டிவிட்டு வறண்டு வீசும் ஆடி, ஆவணிதான் அங்கே பஞ்ச காலம்.

அடுத்தது நீர் விழும் உயரம். இதை மீட்டரில் எடுத்து, விநாடிக்கு எத்தனை லீட்டரோ அதால் பெருக்கி, மறுபடி 5ஆல் பெருக்கினால் கையில் கிடைக்கும் வாட்ஸ் ஏறத்தாழ வரும். 2 லீட்டர், 30 மீட்டர் என்றால் 300 வாட்ஸ். இவ்வளவுதானா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இது இரவு பகல் ஓடும், ஒரு நாளைக்கு 7 யூனிட். அதே 300 வாட்ஸ் சோலார் பலகை நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட் தந்தாலே பெரிது. மூடுபனி இறங்கிய நாளில் அதுவும் இல்லை.

குழாயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். விநாடிக்கு 2 லீட்டர் நீர் 100 மீட்டர் போகும்போது, ஒன்றரை அங்குலக் குழாயில் சுமார் 8 மீட்டர் உயரத்தின் பலம் உராய்விலேயே தொலைகிறது. 2 அங்குலத்தில் 2 மீட்டர்தான் போகும்.

இன்னொன்று, முக்கால்வாசி லைட்டை ஒரேயடியாக அணைத்தால் சுமை குறைந்து சக்கரம் வெறிபிடித்துச் சுற்றும். வோல்டேஜ் ஏறி, மிச்சமிருக்கும் பல்பும் போன் சார்ஜரும் கருகும். மிஞ்சும் மின்சாரத்தைத் தானாகவே ஒரு ஹீட்டருக்குத் திருப்பும் லோட் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். அந்த ஹீட்டரைத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டால், பால் பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் சும்மா கிடைக்கும்.

வயலுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரை இதில் மாட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். அரைக் குதிரைவலு மோட்டர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும், இயந்திரம் திணறி நின்றுவிடும். ஓடை நீர் மோதும் வேகத்தாலேயே ஒரு பங்கு நீரை மேலே தள்ளும் ராம் பம்ப் இருக்கிறது. அதற்குக் கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

இது நம் மலைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனையோ தேயிலைத் தொழிற்சாலைகள் தங்கள் ஓடைத் தண்ணீரிலேயே ஓடின. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் வந்து, அப்புறம் பொதுக் கம்பியும் வந்தபின் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் இன்னும் சில தோட்டங்களில் கிடக்கின்றன.

ஒரு வேண்டுகோள். தோட்ட நிர்வாகத்திடம் மட்டுமல்ல, கீழே பீலியில் குடிநீர் பிடிக்கும் லயத்துப் பெண்களிடமும் கேட்டுவிட்டுக் குழாய் போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிய நீர், அவர்கள் பிடிக்கும் இடத்துக்கு மேலேயே ஓடையில் சேர வேண்டும். மஸ்கெலியா ஐயாவுக்குச் சக்கரத்தில் நீரைப் பீய்ச்சும் முனையை, அதாவது நாசிலை, சின்னதாக மாற்றிக் கொடுத்தோம். இப்போது மாசியிலும் நான்கு லைட் எரிகிறது. காலையில் பால் கறக்கப் போகுமுன் மேல்தொட்டி வலையில் சிக்கிய சருகைக் கையால் வழித்து எறிந்துவிட்டுப் போகிறார்.