எலியோன்: உன்னதமானவரா, உயர்ந்தவரா?

வேதாகமத்தில், எகிப்திய மன்னன் பார்வோனின் சுயம்பாகி, அதாவது சமையல்காரன், சிறையில் ஒரு கனவு காண்கிறான். தலையில் மூன்று கூடைகள். மேல் கூடையில் ராஜாவுக்குச் செய்த பலகாரங்கள். பறவைகள் வந்து கொத்தித் தின்கின்றன (ஆதியாகமம் 40). அந்த 'மேல்' கூடைக்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'எலியோன்'. சங்கீதங்களில் கடவுளின் பெயராக வருவதும் இதே சொல்தான். அந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. 'ஆலா', அதாவது 'ஏறு, மேலே போ' என்பது இதன் வேர்.

எருசலேமின் மேல்குளத்துக்கும் இதுவே அடைமொழி, பெண்பாலில் 'எலியோனா'. கி.மு. 701-இல் அசீரியப் படை வந்தபோது அசீரிய அதிகாரி ரப்சாக்கே அந்தக் குளத்தின் கால்வாயருகே நின்றுதான் தன் அரசன் சனகெரிபை 'மகாராஜா' என்று முழங்கினான் (2 இராஜாக்கள் 18). எபிரெயத்தில் அது 'மெலெக் காதோல்', பெரிய ராஜா. இப்போது சங்கீதம் 47:2-ஐப் பாருங்கள். எலியோன் "பூமியின்மீதெங்கும்" மெலெக் காதோல் என்கிறது. அசீரியன் தனக்குச் சூட்டிக்கொண்ட அதே பட்டம்! அதைக் கடவுளுக்கே உரியதாகப் பாடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்.

அதே சங்கீதத்தில் இந்த வேர் மூன்று முறை வருகிறது. 2-ஆம் வசனத்தில் எலியோன். 5-இல் எக்காளம் முழங்க அவர் ஏறிப் போகிறார், 'ஆலா'. 9-இல் மிக உயர்ந்திருக்கிறார், 'நஆலா'. ஒரு ராஜா சிம்மாசனப் படிகளில் ஏறி அமர்வது கண்முன் நிற்கிறது.

சரி, தமிழில்? பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'உன்னதமானவர்' என்றது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 'உன்னதர்'. உன்னதம் வடசொல்; மேல்நோக்கி எழுந்தது என்பது மூலப்பொருள், ஆகவே அன்று அது பிழையில்லை. ஆனால் இன்று 'உன்னதமான நடிப்பு' என்றால் நடிப்பின் தரத்தைத்தான் சொல்கிறோம். உன்னதப்பாட்டு என்ற தலைப்பிலும் அதே தரப்பொருள்தான். எலியோனோ இடத்தைச் சொல்லும் சொல்: எல்லார்க்கும் மேலே இருப்பவர், அதனால் எல்லாரையும் ஆள்பவர்.

என் தேர்வு 'உயர்ந்தவர்'. பெயர், வினை இரண்டுக்கும் 'உயர்' என்ற ஒரே வேர் போதும்: உயர்ந்தவர், உயர ஏறினார், மிக உயர்ந்திருக்கிறார். எபிரெயக் கவிஞர் கேட்டுச் செய்த ஒலி தமிழிலும் கேட்கும். 'உயர்ந்தோர்' மட்டும் வேண்டாம். "வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே" என்ற தொல்காப்பிய வரி பழகிய காதுக்கு அது சான்றோரைக் குறித்துவிடும்.

ஆனாலும் 91-ஆம் சங்கீதத்தின் "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. நோயாளியின் படுக்கையருகே அதைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். அந்த வரியில் மட்டும் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.