பாம்பைத் தொட்ட கைகள்: தன்னம்பிக்கை உருவாகும் விதம்

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் தம் மகளுக்கு, வகுப்பில் எழுந்து நின்று நாலு வரி பேசச் சொன்னால் நா எழுவதில்லை என்றும், அவளைத் தன்னம்பிக்கைப் பயிற்சி முகாமில் சேர்க்கலாமா என்றும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தன்னம்பிக்கை, சுயமதிப்பு, தலைக்கனம் ஆகியவற்றைப் பேச்சில் நாம் கலந்தே பயன்படுத்தினாலும், உளவியல் அவற்றைப் பிரித்தே பார்க்கிறது. ‘நான் மதிக்கத்தக்க ஆள்தான்’ என்ற பொதுவான உணர்வு சுயமதிப்பு. அதை அளக்க அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட 10 வாக்கியங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ‘இந்த வேலையை என்னால் செய்து முடிக்க முடியும்’ என்ற கணிப்பு வேறு. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் அதைத் தனிக் கோட்பாடாக முன்வைத்தார். தன்திறன் நம்பிக்கை என்று அதைக் குறிப்பிடலாம். உள்ள திறனைவிடக் கணிப்பு வெகுவாக விஞ்சினால் தலைக்கனம். இக்கணிப்பு வேலைக்கு வேலை மாறும் என்பதால், அந்த மாணவியிடம் முரண் ஏதும் இல்லை.

தானே செய்து பெற்ற வெற்றி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், படபடப்பு போன்ற உடற்குறிகளுக்கு நாம் கொள்ளும் பொருள் என நான்கு ஊற்றுகளை பண்டூரா காட்டினார். முதலாவதே வலியது என்பதற்கு அவர் கையாண்ட சான்று எனக்கு மிகவும் பிடித்தமானது.

பாம்பென்றால் படையும் நடுங்கும். ஆனால் பண்டூராவிடம் வந்தவர்களுக்கு அந்த நடுக்கம் அன்றாட வாழ்வையே முடக்கியிருந்தது. முதலில் பயிற்சியாளர் நஞ்சில்லாப் பாம்பு ஒன்றைக் கையாள்வதை அவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு படிப்படியாக நெருங்கி, பயிற்சியாளர் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்ள, கையுறை அணிந்த கையால் அதன் நடுவுடலைத் தொட்டார்கள். அடுத்து வெறுங்கையால் தொட்டார்கள். பயிற்சியாளர் சிறிது சிறிதாக விலக, இறுதியில் பாம்பு மடியில் ஊர்ந்து செல்லும்வரை அவர்களே தனியாகச் சமாளித்தார்கள். வெறுமனே பார்த்தவர்களைவிட, செய்து பார்த்தவர்களிடம் நம்பிக்கை கூடுதலாக வளர்ந்தது. அதைவிட வியப்பானது, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று அவர்கள் முன்கூட்டியே குறித்துக்கொடுத்த படிகளும், சோதனையில் உண்மையாகச் செய்து காட்டிய படிகளும் பெரும்பாலும் ஒத்துப்போனதுதான்.

அஞ்சி ஓடுபவருக்கு, ஓடாமல் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் ஓட்டமும் அச்சத்தை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கிறது. படிகள் சிறியவையாக இருந்தது அவரை ஓடவிடாமல் நிறுத்தியது. கையுறையோடு தொட்டபோது மனம் வெற்றியைக் கையுறையின் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடும். அது கழன்ற பிறகு தொட்டதற்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் காரணம் காட்ட இயலாது. தேர்வுக்குக் கட்டும் மந்திரக் கயிறும் ராசிக்கல் மோதிரமும் என் பார்வையில் கழற்றவே விடாத கையுறைகள்: படித்தது பிள்ளை, பெயர் வாங்குவது கல்!

முகாம்களின் முழக்கங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘நான் அன்புக்குரியவர்’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டபோது, சுயமதிப்புக் குறைந்தவர்களின் மனநிலை மேலும் தாழ்ந்ததை உளவியலாளர் ஜோன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் கண்டனர். சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே 1986இல் கலிஃபோர்னியா அரசு குழு அமைத்தது. ஆனால் உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட விரிவான மீளாய்வில், சுயமதிப்பை உயர்த்தினால் மதிப்பெண் உயரும் என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. பொதுப் பணத்தை, எல்லா மாணவரும் முறை வைத்துப் பேசும் வகுப்பறைகளை உருவாக்கி ஆராய்வதில் செலவிட்டிருக்கலாம் என்பேன்.

வாசகிக்கு என் யோசனை: முகாமுக்குக் கட்டும் பணம் இருக்கட்டும். மகள் தனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்றை, முதலில் தாளைப் பார்த்துத் தோழி ஒருத்திக்கு விளக்கட்டும். பிறகு தாள் இல்லாமல் நான்கைந்து பேருக்கு விளக்கட்டும். அதன்பின் ஆசிரியரிடம் சொல்லி, கரும்பலகை முன் நிற்க வையுங்கள். முதல் முறை ஆசிரியர் அவள் அருகிலேயே நிற்கட்டும், அடுத்தடுத்த முறைகளில் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடட்டும்.